டிஎஸ் வாங்குவதா, பிரீமியம் வாங்கிக் கைவைப்பதா: பிஆர்இசட், ஜிஆர்86 பாகம் பாகமாக ஒரு கணக்கு

சுபாருவின் பிஆர்இசட், டொயோட்டாவின் ஜிஆர்86 இரண்டும் ஒரே ஸ்போர்ட்ஸ் காரின் இரு வடிவங்கள். 2024 மாடல் பிஆர்இசட் அமெரிக்காவில் மூன்று தரங்களில் விற்பனைக்கு வந்தது: பிரீமியம் 30,195 டாலர், லிமிடெட் 32,695, டிஎஸ் 35,345. மூன்றிலும் இன்ஜின் ஒன்றே. 2.4 லிட்டர் எஃப்ஏ24, 7,000 சுற்றில் 228 குதிரைத்திறன், 3,700 சுற்றில் 184 பவுண்டு-அடி டார்க் (முறுக்குவிசை). ஒரு பின்வீல் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டார்சன் டிஃபரன்ஷியல் மூன்றிலும் உண்டு. டிஎஸ்ஸில் ஒரு குதிரைத்திறன்கூட அதிகம் இல்லை. பிரீமியத்துக்கும் டிஎஸ்ஸுக்கும் உள்ள 5,150 டாலர் வித்தியாசம் பிரெம்போ பிரேக், சுபாருவின் பந்தயப் பிரிவான எஸ்டிஐ சீரமைத்த ஹிட்டாச்சி டேம்பர் (ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் பாகம்), 18 அங்குல வீல், அதற்கான மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 டயர், பிறகு சீட் துணி முதலான உள்வசதிகள் என்று பிரிந்து போகிறது. இதில் 18 அங்குல வீலும் அந்த டயரும் லிமிடெட்டிலேயே வந்துவிடுகின்றன. ஆகவே ஓட்டத்தைப் பொறுத்தவரை லிமிடெட்டிலிருந்து டிஎஸ்ஸுக்குப் போகும் 2,650 டாலர் பிரேக்குக்கும் டேம்பருக்கும்தான்.

முடிவெடுக்க ஒரு வழி உண்டு. சிறப்புப் பதிப்பில் கூடுதலாக வரும் பாகங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வருடத்துக்குள் நீங்கள் கழற்றிவிடப் போகிறவற்றை அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்கும் பாகங்களை வெளியில் வாங்கி மாட்டினால் என்ன ஆகும் என்று விலை போடுங்கள். பதிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் தொகையை அந்த விலையோடுதான் ஒப்பிட வேண்டும். டிராக்கில் (பந்தயத் தடத்தில்) ஓட்டப் போகிறவர் டேம்பரையும் வீலையும் எப்படியும் மாற்றுவார். அவர் தாளில் பிரேக் மட்டுமே மிஞ்சும். சாலையில் மட்டும் ஓட்டுகிறவரின் தாளில் எல்லாமே மிஞ்சும், ஆனால் பிரெம்போவின் முழு வேலையை அவர் ஒருநாளும் வாங்கப் போவதில்லை. ஒரே கார், ஒரே விலை. இரண்டு பேருக்கு இரண்டு பதில்.

கீழே இருப்பது, சாதாரண தரத்துக் காரை டிஎஸ் அளவுக்கும் அதற்கு மேலும் கொண்டுபோகும்போது செய்ய வேண்டிய வேலைகள். சாலைக்கும் மாதமொருமுறை டிராக்குக்கும் ஓடும் கார் என்று வைத்துக்கொண்டு எழுதியது.

முதல் காசு டயருக்கு

பிரீமியத்தில் 17 அங்குல வீலும் 215/45 ஆர்17 அளவில் மிஷலின் பிரைமசி எச்பி டயரும் வருகின்றன. பிரைமசி நல்ல டயர்தான், ஆனால் பிடிமானத்துக்காகச் செய்தது அல்ல. இதைக் கழற்றி நல்ல கோடைக்கால டயர் போட்டாலே லிமிடெட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு போய்விடும். பழைய வீலிலேயே அதே அளவில் போடலாம். 225/45 ஆர்17 போட்டால் விட்டம் 625 மி.மீ.யிலிருந்து 634 மி.மீ. ஆகும், ஸ்பீடோமீட்டர் ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டும், அவ்வளவே.

புது வீல் வாங்குவதானால் 17x8, ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் முகம் வரை உள்ள மி.மீ. தூரம்) 45 சுற்றுவட்டத்தில் இருப்பது தொந்தரவில்லாத அளவு. 17x9 வீலில் 245/40 ஆர்17 போடுவது டிராக் ஆட்களிடம் பரவலாக இருக்கும் அளவு. விட்டம் 628 மி.மீ., பெரிய மாற்றமில்லை. ஆனால் முன்பக்கம் கேம்பர் (வீலின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம், மைனஸில் சொல்வார்கள்) கொடுக்காமல் போட்டால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஃபெண்டர் லைனரில் உரசும். வாங்கும்போது நான்கு எண்கள் பொருந்த வேண்டும்: 100 மி.மீ. வட்டத்தில் 5 போல்ட், நடுத்துளை 56.1 மி.மீ., நட் 12 மி.மீ. 1.25 பிட்ச், அதன் அடிப்பக்கம் கூம்பு வடிவம். நடுத்துளை பெரிதாக இருந்தால் 56.1-க்கான ஹப் ரிங் போடாமல் மாட்டக் கூடாது. வீல் நடுவில் உட்காராமல் 100 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும், வீல் பேலன்ஸ் செய்து செய்து காசு போகும். நட்டை நட்சத்திர வரிசையில் 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, 80 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். காற்றழுத்த சென்சாரைப் புது வீலில் மாட்டினால் அதன் எண்ணைக் காரில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணையாது.

18 அங்குல டயரைவிட 17 அங்குல டயர் மலிவு. ஒரு சீசனில் இரண்டு செட் தேய்க்கிறவருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல. அதனால்தான் டிஎஸ் வாங்கியவர்களில் டிராக்குக்குப் போகிறவர்கள் தனியாக 17 அங்குல செட் ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பட்டியலில் 18 அங்குல வீல் அடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

பிரேக்: இங்கேதான் பதிப்பு ஜெயிக்கிறது

சாதாரணத் தரத்தில் முன்னால் 300 மி.மீ. டிஸ்க், இரண்டு பிஸ்டன் கொண்ட நகரும் கேலிப்பர் (பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்). பின்னால் 290 மி.மீ. டிஸ்க். டிஎஸ்ஸின் பிரெம்போவில் முன்னால் 326 மி.மீ. டிஸ்க், நான்கு பிஸ்டன்; பின்னால் 316 மி.மீ., இரண்டு பிஸ்டன்.

பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை அழுத்தி நிறுத்தும்போது எல்லையைத் தீர்மானிப்பது டயர். சாதாரண பிரேக்கே ஏபிஎஸ் துடிக்கும் வரை டயரைப் பிடிக்கும். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் திறன். ஓட்டுநரோடு 1,350 கிலோ எடை, 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு ஒருமுறை குறைத்தால் ஏறக்குறைய 10 லட்சம் ஜூல் சூடாக மாறுகிறது. அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்கில். இருபது நிமிட ஓட்டத்தில் இது சுற்றுக்கு மூன்று நான்கு முறை நடக்கும். டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். பேட் தாங்கும் வெப்பத்தைத் தாண்டினால் பெடல் கெட்டியாக இருக்கும், ஆனால் கார் நிற்காது. பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் தரைவரை போகும். எது நடந்தது என்று பெடலைக் காலால் உணர்ந்தே சொல்லலாம், மருந்தும் அதற்கேற்றது.

ஆகவே பிரெம்போ யோசிப்பதற்கு முன்னால் பிரேக் ஆயிலும் பேடும். டாட் 3 தர ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டாட் 4-க்கு 230, 155. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரிப் பந்தய ஆயில் புதிதில் 312 டிகிரி வரை தாங்கும். முழுதாக மாற்ற 500 மி.லி. பாட்டில் இரண்டு போதும்.

காரை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி வீல்களைக் கழற்றுங்கள். ஆயில் டப்பாவிலுள்ள பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். வேலை முழுக்க மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். சர்வீஸ் கையேட்டில் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு கேலிப்பராக: ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளை (கேலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் திருகு) கால் சுற்று திறந்து, பெடல் மேலே வருவதற்கு முன்பே மூட வேண்டும். தெளிந்த குழாயில் நிறம் மாறி, குமிழி நின்றதும் அடுத்ததற்குப் போகலாம். நான்கு பிஸ்டன் கேலிப்பரில் நிப்பிள் இரண்டு இருக்கும்; உள்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். இந்தக் காரில் கிளட்ச்சுக்கும் ஆயில் அதே டப்பாவிலிருந்துதான் போகிறது. கிளட்ச் நிப்பிளையும் சேர்த்தே மாற்றாவிட்டால் பழைய ஆயில் அங்கேயே தங்கிவிடும். பெயின்டில் சிந்தினால் துடைக்க வேண்டாம், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கொதிநிலை உயர்ந்த ஆயில் ஈரத்தையும் சீக்கிரம் உறிஞ்சும். டிராக் காருக்கு ஆறு மாதம்தான் அதன் ஆயுள்.

பேட் மாற்றுவதில் கடினம் ஒன்றுமில்லை. கீழ் போல்ட்டை எடுத்துக் கேலிப்பரை மேலே தூக்கிக் கட்டுங்கள், ஹோஸில் தொங்க விடக் கூடாது. பிஸ்டனைக் கிளாம்பால் உள்ளே தள்ளும்போது மேலே டப்பா வழிகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். கேலிப்பர் நகரும் பின்னுக்கு (கம்பிக்கு) சிலிக்கோன் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப் பின் சிக்கிக்கொள்ளும், ஒரு பக்கப் பேட் மட்டும் சாய்வாகத் தேயும். புதுப் பேடைப் பதப்படுத்த, காலியான சாலையில் 100 கி.மீ.யிலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை அழுத்திக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், பிறகு பிரேக் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள். டிஸ்க் கோணிப்போச்சு என்று சொல்லப்படும் நடுக்கத்தில் பாதிக்கு மேல், பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியதால் வருவதுதான். டிராக்கிலிருந்து வந்ததும் சூடான டிஸ்க்கின்மேல் பிரேக்கை அழுத்திக்கொண்டே நின்றால் அந்த இடத்தில் அச்சு விழும். ஹேண்ட்பிரேக்கும் போடாதீர்கள், கியரில் விட்டு, வீலுக்குக் கட்டை வையுங்கள்.

ஆயில், பேட் இரண்டும் சேர்ந்து சில நூறு டாலர். தொடக்க நிலை டிராக் ஓட்டுநருக்கு இது போதும். இதைத் தாண்டி வேகம் வந்த பிறகுதான் பிரெம்போ கேள்வி.

பிரெம்போவைப் பிறகு மாட்டுவதானால் பட்டியல் இது: கேலிப்பர் நான்கு, டிஸ்க் நான்கு, பேட் இரண்டு செட், ஹோஸ் நான்கு, பாஞ்சோ போல்ட்டுக்கு (ஹோஸைக் கேலிப்பரில் பிடிக்கும் போல்ட்) செம்பு வாஷர் எட்டு, ஆயில் ஒரு லிட்டர். சுபாருவின் இன்னொரு காரான டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐயிலிருந்து கழற்றிய பழைய பிரெம்போ கேலிப்பர்கள் சந்தையில் கிடைக்கும், முன்பக்கம் நேரடியாக உட்காரும். சிக்கல் டிஸ்க்கில். 2005-க்குப் பிந்திய எஸ்டிஐயின் போல்ட் வட்டம் 114.3 மி.மீ., பிஆர்இசட்டுக்கு 100. பின் டிஸ்க்கின் உட்குழிவு ஹேண்ட்பிரேக் டிரம்மாகவும் வேலை செய்கிறது. அந்த உள்விட்டம் உங்கள் காரின் ஷூவோடு பொருந்தாவிட்டால் ஹேண்ட்பிரேக் பிடிக்காது, அல்லது டிஸ்க் உள்ளேயே போகாது. எஸ்டிஐ டிஸ்க்கை விட்டுவிட்டு, பிரெம்போவோடு வந்த பிஆர்இசட்டின் பாக எண்ணைச் சொல்லி டிஸ்க் வாங்குங்கள். டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகட்டுக் கவசம் பெரிய டிஸ்க்கில் இடிக்கும். அதை மாற்ற வேண்டும் அல்லது ஓரத்தை வெட்டி மடிக்க வேண்டும். 326 மி.மீ. பிரெம்போவுக்கு எல்லா 17 அங்குல வீலும் இடம் தந்துவிடாது, சில மட்டுமே தரும். கேலிப்பரின் வடிவை அட்டையில் வெட்டி வீலுக்குள் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். ஸ்போக்குக்கும் கேலிப்பர் முகத்துக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும்.

காசு மிச்சம் என்று முன்பக்கம் மட்டும் மாற்றுவது பலர் செய்வது. கணக்குப் போட்டுச் செய்த கிட் என்றால் பரவாயில்லை. கிடைத்த கேலிப்பரை மாட்டினால் முன் பிஸ்டன்களின் பரப்பு கூடி, பெடல் பயணம் நீளும், பிடி முன்பக்கம் சாயும், முன் ஏபிஎஸ் முந்திக்கொண்டு வேலை செய்யும், பின் பிரேக் சும்மா இருக்கும். அதிகச் செலவில் நிறுத்தும் தூரம் கூடிவிடும்.

எல்லாம் புதிதாக நான்கு பக்கமும் வாங்கினால் பாகங்களுக்கு மட்டும் இரண்டாயிரம் டாலரைத் தாண்டும். லிமிடெட்டுக்கும் டிஎஸ்ஸுக்கும் உள்ள மொத்த வித்தியாசமே 2,650. அதில் டேம்பரும் சேர்த்தி, வாரன்டியும் சேர்த்தி. பிரெம்போ வேண்டும் என்று இன்றே தெரிந்தவர் அது உள்ள காரையே வாங்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டொயோட்டா பக்கம் கணக்கு இன்னும் கூர்மையானது

அதே காரின் டொயோட்டா வடிவமான ஜிஆர்86-க்கு 2024-ல் பெர்ஃபாமன்ஸ் பேக்கேஜ் என்று ஒன்று அமெரிக்காவில் வந்தது: பிரெம்போ பிரேக்கும் சாக்ஸ் டேம்பரும், அப்போது ஏறக்குறைய 1,500 டாலருக்கு. வெளிச்சந்தையில் இந்தத் தொகைக்கு முன்பக்கக் கிட்கூட நல்லதாக வராது. சிறப்புப் பதிப்புக்கும் சொந்த வேலைக்கும் நடுவே மூன்றாவது வழி இருக்கிறது என்பதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை.

இதை வைத்துப் பார்த்தால் 860 கார்கள் மட்டும் வந்த 2025 ஹகோனே பதிப்பின் இயந்திரப் பகுதி அந்தப் பேக்கேஜேதான். மிச்சம் பச்சை நிறம், வெண்கல நிற வீல், பழுப்பு–கருப்பு உள்ளலங்காரம். நிறம் பிடித்திருந்தால் அதற்குக் காசு கொடுப்பதில் தவறே இல்லை. தொழிற்சாலைப் பெயின்டைப் பிறகு யாரும் அதே தரத்தில் அடித்துத் தர முடியாது. ஆனால் அது வேகமான கார் என்று நம்பி வாங்கக் கூடாது. எண்ணிக்கை குறைந்த கார்களுக்குச் சில டீலர்கள் அட்டவணை விலைக்கு மேல் கேட்பார்கள். அந்த மேல்தொகையில் ஒரு டாலர்கூடக் காரில் பாகமாக இல்லை.

முதல் தலைமுறையிலும் இதே கதைதான். 2018 பிஆர்இசட் டிஎஸ் அமெரிக்காவுக்கு 500 கார்கள் மட்டும் வந்தது. பிரெம்போ, சாக்ஸ் டேம்பர், காரின் உடலை விறைப்பாக்கும் எஸ்டிஐயின் வி வடிவ டவர் பார், டிரா ஸ்டிஃப்னர், பின்னால் கார்பன் விங், இன்ஜின் அதே 205 குதிரைத்திறன். இதில் டவர் பாரும் டிரா ஸ்டிஃப்னரும் எஸ்டிஐ பாகங்களாகத் தனியாகவே விற்கப்படுபவை. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு மதியத்தில் மாட்டிவிடலாம். 2019-ல் வந்த டொயோட்டா 86 டிஆர்டி பதிப்பிலும் (1,418 கார்கள்) பிரெம்போவும் சாக்ஸும்தான் சாரம். பழைய காராக இவை கிடைத்தால், சாதாரணத் தரத்துப் பழைய காரைவிட எவ்வளவு கூடுதல் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிரேக், டேம்பரின் இன்றைய தேய்மானத்தைக் கழியுங்கள். அறுபதாயிரம் மைல் ஓடிய சாக்ஸ் டேம்பர் புது சாக்ஸ் அல்ல.

டேம்பர், ஸ்பிரிங்

டிஎஸ்ஸின் டேம்பர் சாலைக்கும் அவ்வப்போது டிராக்குக்கும் ஏற்ற நல்ல நடுநிலை. உயரத்தை மாற்ற முடியாது, கேம்பர் தராது. உயரம் மாற்றும் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த செட்) போடுவது உறுதி என்றால் டேம்பரை உங்கள் தாளில் அடித்துவிடுங்கள். அப்போது டிஎஸ்ஸின் மதிப்பு பிரேக்கோடு நின்றுவிடும்.

மலிவு வழி என்று பழைய டேம்பரிலேயே தாழ்த்தும் ஸ்பிரிங் போடுவது நான் பரிந்துரைக்காத வேலை. 20–25 மி.மீ. இறக்கினாலே டேம்பரின் மேல்நோக்கிய பயணம் குறைந்து, வளைவு நடுவில் பம்ப் ஸ்டாப்பில் (பயணத்தின் எல்லையில் இருக்கும் தடுப்பு ரப்பர்) உட்காரும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங் விறைப்பு திடீரென்று பல மடங்கு ஆனது போலாகி, அந்தப் பக்க டயர் வழுக்கும். கார் திடீரென்று விலகுது என்று சொல்கிறவர்களின் காரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மாட்டும் வேலை: முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு). ஏபிஎஸ் கம்பியையும் பிரேக் ஹோஸையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்றி, நக்கிளை (வீல் ஹப்பைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளை எடுத்து, கடைசியாக மேலே மூன்று நட். நடு நட்டைத் தொடவே கூடாது; ஸ்பிரிங் அழுத்தத்தோடு இருக்கும்போது அதை அவிழ்த்தால் உயிருக்கு ஆபத்து. நக்கிள் வெளியே சாய்ந்து ஹோஸை இழுக்காமல் கயிற்றால் கட்டுங்கள். பின்பக்கம் டபுள் விஷ்போன். மேல் நட்டுகள் டிக்கி லைனருக்குப் பின்னால் இருக்கின்றன.

அதிகம் பேர் தவறவிடும் விஷயம் ஆர்ம்களின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ். வீல் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும். கார் சற்று உயரமாக நிற்கும், சவாரி கடினமாகும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். போல்ட்டைக் கையால் மாட்டிவிட்டு, ஜாக்கால் வீலைச் சாதாரண உயரத்துக்குத் தூக்கி, பிறகுதான் கையேட்டு அளவுக்கு முறுக்க வேண்டும்.

உயரம் மாறினால் 2024 முதல் மேனுவல் பிஆர்இசட்டிலும் வரும் ஐசைட் (ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு அமைப்பு) கேமராவுக்குச் சாலை தெரியும் கோணமும் மாறும். சில மி.மீ. என்றால் பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் கேமராவை டீலரிடம் சரிபார்க்க வேண்டும். டிஎஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

கேம்பர்: எந்தப் பதிப்பும் தராதது

தொழிற்சாலையிலிருந்து வரும்போது முன்பக்கக் கேம்பர் ஏறக்குறைய பூஜ்யம். மெக்பெர்சன் அமைப்பில் கார் சாயும்போது வெளிப்பக்க டயர் தன் வெளி ஓரத்தில் நிற்கும். விலையுயர்ந்த டயரின் வெளித்தோள் ஓரிரு டிராக் நாளிலேயே உருகி உருண்டுபோக, உள்பாதி புதிதாகவே இருக்கும். டிஎஸ்ஸும் ஹகோனேயும் இதற்கு விலக்கல்ல.

மலிவான மருந்து, ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் இணைக்கும் போல்ட்டுகளில் ஒன்றுக்குப் பதிலாக மையம் விலகிய அச்சுள்ள கேம்பர் போல்ட். பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை டிகிரி கிடைக்கும், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஐம்பது டாலருக்குள். இந்தப் போல்ட் மூலப் போல்ட்டைவிட மெலிந்தது, அதை முறுக்கும் அளவும் குறைவு. மூலப் போல்ட்டின் அளவுக்கு முறுக்கினால் நீண்டுவிடும். குறைவாக விட்டால் கெர்பில் ஏறியதும் நழுவும். முறுக்கிய பிறகு தலைக்கும் ஸ்ட்ரட்டுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால், நழுவியிருப்பது கண்ணிலேயே தெரியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மேலே கேம்பர் பிளேட். ஆனால் கேபினில் சத்தம் வரும்.

டிராக்கும் சாலையும் கலந்த காருக்கு முன்னால் மைனஸ் 2.5, பின்னால் மைனஸ் 2, முன் டோ (மேலிருந்து பார்க்கும்போது வீல் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின் டோ இலேசாக உள்நோக்கி. பின்பக்கக் கேம்பருக்குத் தொழிற்சாலை அமைப்பில் திருப்பான் கிடையாது. காரைத் தாழ்த்தினால் அது தானாகக் கூடும், இரண்டு பக்கமும் சமமாகக் கூடாது. நீளம் மாற்றும் கீழ் ஆர்ம் வாங்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. தாழ்த்தும் செலவில் இதைச் சேர்க்காமல் கணக்குப் போடுவது வழக்கமான ஓட்டை.

ஆயில் சூடும் அழுத்தமும்

இதுவும் எந்தப் பதிப்பும் தீர்க்காத விஷயம், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். எஃப்ஏ24 படுத்திருக்கும் இன்ஜின். பிடிமானம் கூடிய டயரோடு நீண்ட வலது வளைவுகளில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாயின் வாயில் காற்று போய், அழுத்தம் விழுவதைப் பலர் பதிவுசெய்திருக்கிறார்கள். டயரையும் சஸ்பென்ஷனையும் மேம்படுத்த மேம்படுத்த இந்த ஆபத்து கூடும். 35,000 டாலர் டிஎஸ் வாங்கியவரும் இதில் பிரீமியம்காரரோடு சமமே.

முதலில் அழுத்த சென்சாரும் எச்சரிக்கை விளக்கும் பொருத்துங்கள். ஆயில் மட்டம் எப்போதும் மேல்கோட்டில் இருக்கட்டும். ஆயில் வெப்பம் டிராக் முறையில் மீட்டரிலேயே தெரியும். 130 டிகிரியை நெருங்கினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆற்றுங்கள். அடிக்கடி அங்கே போகிறதென்றால் காற்றில் ஆறும் ஆயில் கூலர் வேண்டும். அதில் தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டர் கட்டாயம். இல்லாவிட்டால் குளிர்காலச் சாலை ஓட்டத்தில் ஆயில் சூடேறவே செய்யாது, அதிலுள்ள ஈரம் போகாது. ஹோஸ் எங்கே எதில் உரசுகிறது என்று முதல் நூறு மைலுக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள். ஓட்டை விழுந்தால் இன்ஜினே போகும்.

ஆயில் பேனை (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தட்டு) ஒட்டும் சீலன்ட் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, உறிஞ்சும் வாயின் வலையில் சேர்வது இந்த இன்ஜினின் இன்னொரு அறியப்பட்ட பிரச்சினை. அந்தத் தட்டைக் கழற்றிப் பார்ப்பவர்கள் மறுபடி ஒட்டும்போது அதே தவறைச் செய்கிறார்கள்: அதிக சீலன்ட். இரு பரப்பையும் பழைய பசையும் எண்ணெயும் இல்லாமல், கீறாமல் சுத்தம் செய்து, கையேட்டிலுள்ள தடிமனுக்கு ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உள்பக்கமாகச் சுற்றிவந்து போட்டு, காய்வதற்கு முன் மூட வேண்டும். வாரன்டி உள்ள, சாலையில் மட்டும் ஓடும் காரில் இந்தத் தட்டைத் தொடாதீர்கள். டிராக் காரில் ஆயில் ஒதுங்காமல் தடுக்கும் தகடு போடும்போது சேர்த்துப் பாருங்கள்.

இன்ஜின் டியூனும் சட்டமும்

சொந்தமாக மாற்றுவதற்கே உரிய ஆதாயம் இங்கே. ஹெடர் (புகைக்குழாயின் முதல் பகுதி), ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூன், எத்தனால் மிகுந்த ஈ85 எரிபொருள் என்று போனால் எந்தப் பதிப்பிலும் இல்லாத திறன் கிடைக்கும். ஆனால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுப்பதும் மாசுக் கட்டுப்பாட்டை முடக்குவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. கலிஃபோர்னியாவில் மாநிலக் காற்று வாரியத்தின் விலக்கு எண் உள்ள பாகம்தான் செல்லும். 2021 ஜூலை முதல் அங்கே புகைச் சோதனையில் ஈசியூ மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். புதுக் காருக்கு முதல் எட்டு மாடல் ஆண்டுகள் பதிவைப் புதுப்பிக்க அந்தச் சோதனை தேவையில்லை என்பதால் பலர் இதை நினைப்பதில்லை. நான்கு மாடல் ஆண்டுகளைத் தாண்டிய காரை விற்கும்போது வந்து நிற்கும்.

வாரன்டி: 1975-ன் மேக்னுசன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பாகம் மாட்டிய ஒரே காரணத்துக்காக முழு வாரன்டியையும் மறுக்க முடியாது, அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். பேட், வீல், கேம்பர் போல்ட்டால் இன்ஜின் வாரன்டி போகாது. டியூன் செய்த காரில் பேரிங் போனால் வாதம் உங்களுக்கு எதிராகத்தான் போகும். இரண்டு நிறுவனமும் இன்ஜின், கியர்பாக்ஸுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல் தருகின்றன. அது முடியும் வரை டியூன் வேலையைத் தள்ளிப்போடுங்கள். டயரும் அலைன்மென்ட்டும் தரும் நேரக் குறைப்பு அதைவிடப் பெரியது.

அப்படியானால் எது?

சாலையில் மட்டும் ஓடும் கார்: லிமிடெட், அல்லது பிரீமியத்தில் நல்ல டயர். மாதமொரு டிராக் நாள், காரைச் சொந்தமாக அதிகம் நோண்ட விருப்பமில்லை: டிஎஸ் அல்லது பெர்ஃபாமன்ஸ் பேக்கேஜ் உள்ள ஜிஆர்86, அதோடு ஆயில், பேட், கேம்பர் போல்ட். டேம்பர் முதல் எல்லாவற்றையும் மாற்றித் தீவிரமாக ஓட்டப் போகிறவர்: பேக்கேஜ் உள்ள ஜிஆர்86, அது கிடைக்காத இடத்தில் பிரீமியம், முன்பக்கத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்த கிட். ஹகோனே மாதிரி எண்ணிட்ட கார்களை, நிறத்துக்காகவும் அரிதாக இருப்பதற்காகவும் அப்படியே வைத்திருக்கப் போகிறவர் வாங்கட்டும். அவற்றில் கேம்பர் போல்ட் போடுவதுகூட மறுவிற்பனையில் கேள்வியாகும்.

காப்பீட்டைக் கையெழுத்திடும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். தெரிவிக்காத மாற்றங்களுக்குச் சாதாரணப் பாலிசி இழப்பீடு தராது. பில்களோடு பட்டியல் கொடுத்துச் சேர்க்க வேண்டும். டிராக்கில் நடக்கும் சேதத்துக்கு அந்தப் பாலிசி பெரும்பாலும் செல்லாது, நாள் கணக்கில் தனிப் பாலிசி உண்டு.

கழற்றிய மூலப் பாகங்கள் ஒன்றையும் விற்காதீர்கள். வீல், டேம்பர், கேலிப்பர், ஸ்ட்ரட் போல்ட் வரை பெட்டியில் போட்டு, எந்த மைலில் கழற்றியது என்று எழுதி ஒட்டுங்கள். டேம்பரை நிற்க வைத்தே அடுக்குங்கள், பிரேக் டிஸ்க்கில் ஆயில் தடவித் தாளில் சுற்றுங்கள். மாற்றிய காருக்கு வாங்குகிறவர் கூடுதல் தரமாட்டார். மூலப் பாகத்தோடு திருப்பிக் கட்டிய காருக்கு முழு விலை கிடைக்கும், கழற்றிய காயில்ஓவரும் வீலும் தனியாகப் பாதி விலைக்காவது போகும். திருப்பிக் கட்டியதும் அலைன்மென்ட் ஒருமுறை பார்த்து, ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அந்த அச்சுத்தாளைப் பில்களோடு வாங்குகிறவரிடம் கொடுங்கள்.